உங்களுக்குத் தெரியுமா? பிரம்ம முகூர்த்தக் கணக்கு

● பிரம்ம முகூர்த்தம் எல்லா ஊருக்கும் எல்லா நாளும் ஒரே நேரமல்ல. ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி, உதயத்துக்கு 48 நிமிடம் இருக்கும்போது முடிந்துவிடும். காலை 6 மணிக்கு உதயமென்றால் 4.24 முதல் 5.12 வரை. உதயம் 6.30 என்றால் 4.54க்குத்தான் தொடக்கம்.

● வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம், உடல்நலத்தோடு இருப்பவர் இந்த வேளையில் எழ வேண்டும் என்கிறது.

● காயத்ரி மந்திரம் இடம்பெறுவது ரிக் வேதத்தின் 3ஆம் மண்டலத்தில். அதன் ரிஷி விசுவாமித்திரர். காலைச் சந்தியில் சூரியன் தெரியும்வரை நின்றபடியும், மாலையில் நட்சத்திரம் தெரியும்வரை உட்கார்ந்தும் ஜபிக்கச் சொல்கிறது மனுஸ்மிருதி.

● ஜபம் மூன்று வகை. பிறர் காதில் விழும்படி சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைய முணுமுணுப்பது உபாம்சு. மனத்துக்குள்ளேயே சொல்வது மானசம். மூன்றில் உயர்ந்தது மானசம்தான்.

● ஜபமாலையில் 108 மணிகள். மாலையை நடுவிரலில் தாங்கி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள்; ஆள்காட்டி விரல் படக்கூடாது. தனியே நிற்கும் மேரு மணி வந்ததும் அதைத் தாண்டாமல், மாலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்குவது வழக்கம்.

● திருமலையில் வேங்கடவன் தினமும் சுப்ரபாதம் கேட்டுத்தான் கண் விழிக்கிறார். மார்கழியில் மட்டும் அந்த இடம் ஆண்டாளின் திருப்பாவைக்கு!