அட்டவணையில் ஒரு காலி வரிசை

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் கல்விச் சுற்றுலா திட்டமிட்டோம். மாமல்லபுரமா, வேடந்தாங்கலா? கை தூக்கச் சொன்னேன். மாமல்லபுரத்திற்கே பெரும்பான்மை.

முடிவை அறிவிக்காமல் கரும்பலகையில் அட்டவணை வரைந்தேன். தூரம், செலவு, ஏற்ற மாதம், தொடர்புடைய பாடம் ஆகிய வரிசைகளை மாணவர்களே விசாரித்து நிரப்பினர். மாமல்லபுரம் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பல்லவர் பாடத்தை நேரில் காணலாம். 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வேடந்தாங்கலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை முதலிய பறவைகளைக் காணலாம்.

அப்போது, நடக்கச் சிரமப்படும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “எவ்வளவு தூரம் நடக்கணும் சார்?”

எனக்குத் தோன்றாத கேள்வி அது. ‘நடை’ என ஒரு வரிசை சேர்த்தோம். மாமல்லபுரத்தில் சின்னங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பாறையும் மணலும் வேறு. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் இருந்தபடியே பறவைகளைப் பார்க்கலாம். மீண்டும் கை தூக்கினர், இம்முறை வேடந்தாங்கல்!

ஜனவரியில் சென்றோம். வகுப்பின் பறவைப் பட்டியலை எழுதியவள் அவள்தான்.

ஒப்பிடுதல் கணக்குப் பாடம் மட்டுமன்று. உடன் வருபவரை நினைப்பதும்கூட. உங்கள் அட்டவணையிலும் மாணவர்களுக்காக ஒரு வரிசையைக் காலியாக விட்டுவையுங்கள்.