ஒன்றரை சதவீதக் கமிஷன்: மிச்சம் யாருக்கு?

ஐந்து, ஆறு சதவீதம் புரோக்கர் கமிஷன் கொடுத்தே பழகிய நாடு அமெரிக்கா. அங்கே "ஒன்றரை சதவீதத்தில் உங்கள் வீட்டை விற்றுத் தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். டெக்சஸிலும் நியூஜெர்சியிலும் வீடு வாங்கி விற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்த விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். அந்த ஒன்றரை எந்தக் கணக்கில் வருகிறது என்பதைக் கையெழுத்துப் போடுமுன் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்க வீட்டு விற்பனையில் பெரும்பாலும் இரண்டு புரோக்கர்கள் இருப்பார்கள். விற்பவருக்கு ஒருவர், வாங்குபவருக்கு ஒருவர். இருவருக்கும் விற்பவர் பணத்திலிருந்தே கொடுப்பது பல பத்தாண்டுகளாக இருந்த வழக்கம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆறு சதவீதம் என்றால் 24,000 டாலர், ஆளுக்குப் பாதி. விளம்பரம் சொல்லும் ஒன்றரை சதவீதம் விற்பவரின் புரோக்கருக்கு மட்டுமே. அவருடைய 12,000 டாலர் 6,000 ஆகக் குறைகிறது. எதிர்த்தரப்பு புரோக்கரின் 12,000 அப்படியே நிற்கிறது. மொத்தம் 18,000. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு 6,000 டாலர் மிச்சம் என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி குறைகிறது என்று நம்பி வந்தவருக்கு உண்மையில் குறைவது கால் பங்கு.

குறையாமல் நிற்கும் அந்த இன்னொரு பாதிதான் மலிவுக் கமிஷனை நெடுங்காலம் தலையெடுக்க விடவில்லை. விற்பனைக்கு வரும் வீடுகளைப் புரோக்கர்கள் பதிவு செய்யும் எம்.எல்.எஸ். என்ற பொதுப் பட்டியலில், வாங்குபவரைக் கூட்டிவரும் புரோக்கருக்கு எவ்வளவு என்பதும் அப்போது எழுதியிருந்தது. பாஸ்டன் வட்டார விற்பனைகளை அலசிய பொருளாதார ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. அந்தத் தொகையைக் குறைத்துப் போட்ட வீடுகள் விலைபோகும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவு, விற்க ஆகும் காலம் 12 சதவீதம் அதிகம் என்றது அது. வாங்க வந்தவர் அந்த வீட்டைப் பார்த்துப் பிடிக்காமல் போனால் அது வேறு. புரோக்கர்கள் அதைக் காட்டாமலே விட்டார்கள் என்றால் அநியாயம்.

சரி, முழுக் கமிஷனைக் கொடுத்துவிட்டால் புரோக்கர் நமக்காக முழு மூச்சாக உழைப்பாரா? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சிவர்சனும் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. புரோக்கர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளரின் வீட்டைவிட ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள்; 3.7 சதவீதம் கூடுதல் விலையும் பெறுகிறார்கள். காரணம் சிக்கலானதல்ல. இன்னும் ஒரு வாரம் பொறுத்து 10,000 டாலர் அதிகம் கிடைத்தால் அதில் புரோக்கரின் பங்கு 300 டாலர். தன் நிறுவனத்துக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது அதிலும் குறைவு. அதற்காக அவர் ஏன் இன்னொரு சனி, ஞாயிறு முழுக்க அந்த வீட்டுக் கதவைத் திறந்துவைத்து உட்கார வேண்டும்? "வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பார்.

நம் 4 லட்சம் டாலர் வீட்டில் அந்த 3.7 சதவீதம் 14,800 டாலர். கமிஷனில் மிச்சம் பிடித்ததுபோல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கமிஷனில் எத்தனை சதவீதம் குறைப்பீர்கள் என்று கேட்பதைவிட, முதல் விலைக்கே சரி சொல்லச் சொல்வீர்களா, பொறுத்திருந்து பேரம் பேசுவீர்களா என்று கேட்பது முக்கியம் என்பேன். மலிவுப் புரோக்கரிடம் மட்டுமல்ல, ஆறு சதவீதக்காரரிடமும்.

ஆடித் தள்ளுபடியில் எடுத்த சேலையைக் கடையிலேயே விரித்துப் பார்த்துவிடலாம். புரோக்கரின் உழைப்பை ஒப்பந்தம் போடும் அன்று பார்க்க முடியாது. இந்த இடத்தில்தான் பிரிட்டனின் பர்பிள்பிரிக்ஸ் நிறுவனத்தின் கதை பாடமாகிறது. 2014இல் தொடங்கிய இந்த நிறுவனம் சதவீதக் கமிஷனை ஒழித்து, ஒரே நிலையான கட்டணம் வைத்தது. மக்கள் திரண்டார்கள். ஆனால் வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டியிருந்தது. அங்குள்ள வழக்கமான புரோக்கருக்கோ வீடு விற்றால்தான் காசு. அதாவது, வீடு விலைபோகாத நஷ்டம் புரோக்கர் தலையிலிருந்து விற்பவர் தலைக்கு மாறியது. கட்டணம் குறைந்ததற்கு அதுவும் ஒரு விலை. அமெரிக்காவில் 2017இல் கால்வைத்த நிறுவனம் இரண்டே ஆண்டில் கிளம்பியது. 2023இல் ஸ்ட்ரைக் என்ற போட்டி நிறுவனம் இதை வாங்கியது, ஒரே ஒரு பவுண்டுக்கு. ஸ்ட்ரைக் வீட்டை இலவசமாகவே விற்றுத்தந்த நிறுவனம். வீட்டுக்கடன் போன்ற மற்ற சேவைகளில் வருமானம் பார்த்தது. இலவசம் என்றால் அந்தப் பக்கமும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

மலிவு என்றாலே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரில் 150 டாலர் மட்டும் வாங்கிக்கொண்டு, சொந்தக்காரர்களே விற்கும் வீடுகளைப் பட்டியலிட்ட ஓர் இணையதளம் இருந்தது. புரோக்கர் மூலம் விற்றவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது விலையில் இவர்கள் இழந்தது எதுவுமில்லை. ஆனால் விற்கக் கூடுதல் நாள் ஆனது; சிலர் விற்க முடியாமல் கடைசியில் புரோக்கரிடமே போனார்கள். கையில் நேரமும் பேரம் பேசும் தெம்பும் இருப்பவருக்கு இது நல்ல வழி. வேலை மாறி அடுத்த மாதமே வேறு ஊரில் இருக்க வேண்டியவருக்கு உதவாது.

விற்பவர், வாங்குபவர் இருவர் கமிஷனும் ஒன்றாகக் கட்டிக்கிடந்த பழைய முடிச்சு இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. கமிஷனை உயர்த்தியே வைத்திருக்கக் கூட்டுச் சதி நடந்தது என்று 2023 அக்டோபரில் மிசௌரியின் கான்சாஸ் சிட்டியில் ஜூரி தீர்ப்பளித்து, ஏறத்தாழ 180 கோடி டாலர் நஷ்டஈடு சொன்னது. அடுத்த மார்ச்சில் அமெரிக்கப் புரோக்கர்களின் தேசியச் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2024 ஆகஸ்ட் 17 முதல் எம்.எல்.எஸ். பட்டியலில் எதிர்த்தரப்பு புரோக்கரின் தொகையைப் போடக்கூடாது. வாங்குபவரும் தன் புரோக்கரோடு வீடு பார்க்கக் கிளம்புமுன் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அந்தத் தொகையை விற்பவரே தரும்படி கேட்க இப்போதும் தடையில்லை.

அந்த ஒப்பந்தத்தை வாங்குபவர்கள் அவசரமில்லாமல் படிக்க வேண்டும். புரோக்கரின் கூலி அதில் தெளிவான தொகையாகவோ சதவீதமாகவோ இருக்க வேண்டும். "விற்பவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு" என்று எழுத முடியாது. எழுதியதற்கு மேல் விற்பவர் தந்தாலும் புரோக்கர் வாங்கக்கூடாது. கமிஷனை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை, பேசிக் குறைக்கலாம் என்ற வாசகமும் அதே தாளில் கண்ணில் படும்படி இருந்தாக வேண்டும். இரண்டரை சதவீதம் என்று அச்சடித்தே நீட்டினாலும், அதை அடித்து வேறு எண் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.