வெள்ளக் கணிப்பும் அதன் பிழைகளும்

கற்பிட்டிக் குடாநாட்டிலே ஆறென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. எத்தாளை முதலிய ஊர்கள் மணலிலே ஊறிய மழைநீரைக் கிணறுகளிலிருந்து இறைத்து வாழ்வன. எனினும், குடாநாட்டுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் புத்தளம் களப்பு இரண்டு ஆறுகளின் நீரை ஏற்கின்றது. ஒன்று மீ ஓயா. மற்றையது கலா ஓயா. தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் அமைத்த கலாவாவியையும், அதற்குக் கீழேயுள்ள இராஜாங்கனை நீர்த்தேக்கத்தையும் கடந்து, ஏறத்தாழ 148 கிலோமீற்றர் நீளமுடைய கலா ஓயா கண்டற்காடுகளினூடே களப்பை அடைகின்றது. இராஜாங்கனையின் வான்கதவுகள் திறக்கப்படுங்கால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்குவதைப் புத்தளத்தார் பன்முறை கண்டுள்ளனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் பெருமழையிலே, கலா ஓயாப் பாலத்தருகே பயணிகள் பேருந்தொன்று பெருக்கில் அகப்பட்டது. அதிலிருந்த 60க்கு மேற்பட்டோர் ஒரு வீட்டின் கூரைமேல் ஏறித் தங்கிப் பின்னர் மீட்கப்பட்டனர். எவ்விடத்தில், எவ்வேளையில், எவ்வளவு உயரத்துக்கு நீர் வருமென முன்னறிதல் உயிர்காக்கும் அறிவு என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவ்வறிவை இன்று கணினியின் துணைகொண்டு பெற முயல்கின்றனர். இதற்கு அடிப்படையான சமன்பாடுகளைப் பிரெஞ்சு அறிஞர் சென் வெனான் 1871இல் வெளியிட்டார். புகுந்த நீருக்கும் வெளியேறிய நீருக்கும் உள்ள வேறுபாடு ஆற்றில் தங்கிய நீருக்குச் சமம் என்பது ஒன்று. சரிவும் உராய்வும் நீரின் வேகத்தை எவ்வாறு மாற்றும் என்பது மற்றொன்று. வளைந்தும் விரிந்தும் செல்லும் இயற்கையாற்றுக்கு இவற்றைக் கையால் தீர்த்தல் இயலாது. ஆதலின், ஆற்றைப் பல குறுக்குவெட்டுக்களாகவும் காலத்தைச் சிறு சிறு படிகளாகவும் பகுத்துக் கணினி படிப்படியாகத் தீர்க்கின்றது. அமெரிக்கப் படைப் பொறியியலாளர் பிரிவு 1995இல் வெளியிட்ட ஹெக்-ராஸ் என்னும் மென்பொருள் இத்தகையது. விலையின்றிக் கிடைப்பதால் உலகெங்கும் பயிலப்படுகின்றது.

இம்மென்பொருளைக் கையாள்வோர் எதிர்கொள்ளும் பிழைகள் இருவகைப்படும். கணினியே எடுத்துக்காட்டும் பிழைகள் ஒருவகை. அது காட்டாது மறைந்து நிற்கும் பிழைகள் மற்றொருவகை.

முதல்வகையில் தலையாயது காலப்படியின் பிழை. குறுக்குவெட்டுக்கள் 100 மீற்றர் இடைவெளியில் உள்ளன என்றும், வெள்ள அலை செக்கனுக்கு 2 மீற்றர் செல்கின்றது என்றும் கொள்வோம். அலை ஓர் இடைவெளியைக் கடக்க 50 செக்கன் ஆகும். காலப்படியை 10 நிமிடமாக வைத்தால், அதற்குள் அலை 1200 மீற்றர் சென்று பன்னிரண்டு இடைவெளிகளைத் தாண்டிவிடும். அலையின் முகம் சிதைந்து, நீர்மட்டம் காரணமின்றி ஏறியும் இறங்கியும் தள்ளாடும். இடைவெளிக்கும் படிக்கும் உள்ள இத்தொடர்பைக் கூரான், பிரீட்ரிக்ஸ், லீவி என்னும் மூவர் 1928இலேயே ஆராய்ந்துரைத்தனர். படியைச் சுருக்குவதே இதற்குப் பரிகாரம்.

வறண்ட ஆறும் இடர் விளைக்கும். ஆழம் ஏறக்குறையச் சுழியமாகும்போது கணக்கு நிலைகுலையும். ஆதலின் தொடக்கத்தில் சிறிதளவு நீரோட்டத்தைக் கொடுத்துப் பின்னர் வெள்ளத்தை விடுதல் வேண்டும். வான்கதவுகள் நொடியில் முழுதும் திறந்தனவாகக் கொடுப்பதும் இவ்வாறே கணக்கைக் குலைக்கும். அவை உண்மையில் திறக்கும் நேரத்தையே கொடுத்தல் தகும். கணினி ஒவ்வொரு படியிலும் விடையை வழக்கமாக 20 தடவை வரை திருத்திப் பார்க்கும். அதற்குள் இணங்காவிடின் எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையை அடக்கும்பொருட்டுப் பிழையின் எல்லையைத் தளர்த்துவோர் உளர். அது காய்ச்சலைத் தீர்க்காமல் வெப்பமானியை உடைப்பதை ஒக்கும்.

இரண்டாம் வகையே அஞ்சத்தக்கது. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் புவியைச் சுற்றி எடுத்த தரையுயர அளவுகள் எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயின், அந்த ராடார் அலைகள் அடர்ந்த காட்டில் நிலத்தை முழுதும் எட்டாமல் மரமுடிகளிலேயே பெரும்பாலும் தெறித்தன. கலா ஓயாவின் கழிமுகத்திலுள்ள கண்டற்காட்டை இவ்வளவுகளில் திருத்தமின்றி நோக்கின், நீர் பரந்து செல்லும் தாழ்நிலம் உயர்ந்த மேடாகத் தோன்றும். கணினி அதனை ஐயுறாது. இல்லாத கரையைக் கட்டி நீரை மறிக்கும்.

களப்பின் நீர்மட்டமும் இத்தகையதே. ஆற்றின் கீழெல்லையில் எம்மட்டத்தைக் கொடுக்கின்றோமோ அதனை நம்பியே கணினி மேல்நோக்கிக் கணிக்கின்றது. கழிமுகத்தருகே ஆற்றின் சரிவு 5000க்கு 1 எனக் கொள்வோமாயின், களப்பின் மட்டத்தில் அரை மீற்றர் பிழையின் தாக்கம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் உள்நாட்டுக்கு எட்டும். புயற்காலத்திலே களப்பும் உயர்ந்திருக்கும் என்பதை மறந்து வழமையான மட்டத்தைக் கொடுத்தால், வெள்ளம் கணக்கில் விரைந்து வடிந்துவிடும், நிலத்தில் வடியாது.

மூன்றாவது, மனிங் என்பாரின் உராய்வுக் குணகம். தூய நேரான ஆற்றுக்கு இது 0.03 அளவினது, அடர்ந்த புதருக்கு 0.10 வரை செல்லும். இதனை இருமடங்காக்கின் அதே ஆழத்தில் வேகம் பாதியாகும். ஆதலின், விடை ஒவ்வாதபோதெல்லாம் இதனையே கூட்டியும் குறைத்தும் ஒருவாறு பொருத்திவிடுதல் எளிது. அவ்வாறு செய்யின், நிலவளவிலோ களப்பு மட்டத்திலோ உள்ள பிழை குணகத்தின் கீழ் ஒளிந்துகொள்ளும். ஒரு வெள்ளத்துக்குப் பொருத்திய குணகத்தை மாற்றாது, வேறொரு வெள்ளத்துக்கு வைத்துச் சோதித்தலே இதனை வெளிப்படுத்தும் வழி.

அச்சோதனைக்கு வேண்டுவது யாது? முன்னைய வெள்ளம் எங்கே, எவ்வளவு உயரம் நின்றது என்னும் செய்தியே. அதனைக் கணினி தாராது; சுவரிற் படிந்த சேற்றுக்கோடும், மதகிற் சிக்கிய சருகும், கண்டோர் சொல்லுமே தரும். அவை அடுத்த மழையிலே அழிவன. ஆகவே, ஆற்றங்கரை ஊர்களில் உறவினரையுடைய நம் மாணவர், வெள்ளம் வடிந்த மறுநாளே பாலத்தூணிலும் பாடசாலைச் சுவரிலும் நீர் நின்ற உயரத்தைக் குறித்து, நாளும் நேரமும் எழுதி வைப்பாராக. அரசினர் நிலவளவையாளர் பின்னர் அக்கோட்டின் உயரத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளக்கலாம். ஒரு முழக்கயிறும் தீந்தையும் போதியன. அவ்வொரு கோடு, பெருங்கணினியும் தானாகக் காணமாட்டாத பிழையைக் காட்டிவிடும்.