வழங்கியில் அடைவை இடம் மாற்றுதல்

பள்ளியோ நூலகமோ பழைய தமிழ் நூல்களை மின்வருடி, மாணவர் கட்டுரைகளோடு ஒரே வழங்கியில் சேர்த்து வைத்திருப்பதாகக் கொள்வோம். தொகுப்பு வளர வளர வன்தட்டு நிறைகிறது. முற்றும் நிறைந்தபின் தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுபோகும், மின்னஞ்சல் வந்து சேராது, பதிவேடுகளும் எழுதப்படா. பெரிய வட்டு ஒன்றை வாங்கிப் பொருத்துவது எளிது. இருக்கும் அடைவை எதனையும் இழக்காமல் அதற்குக் கொண்டுசெல்வதே அறிந்து செய்யவேண்டிய பணி. லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு இப்பணியை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பொருத்துதல் என்னும் கருத்து

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு வட்டும் தனித்தனி எழுத்தால் அழைக்கப்படுகிறது. யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களிலோ எல்லா வட்டுகளும் ஒரே மரத்தின் பகுதிகள். அம்மரத்தின் தொடக்கம் வேர் அடைவு எனப்படும். புதிய வட்டை மரத்தின் ஏதேனும் ஒரு கிளையில் இணைக்கலாம். ஆங்கிலத்தில் மவுண்ட் எனப்படும் இச்செயலை நாம் பொருத்துதல் என்று வழங்குகிறோம். பொருத்தியபின் கோப்பின் இருப்பிடம் மாறினும், அதற்குச் செல்லும் பாதை மாறுவதில்லை. ஆதலால் பயனரும் நிரல்களும் மாற்றத்தை உணராமலே தம் பணியைத் தொடர இயலும்.

இத்தேவை புதியதன்று. யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் உருப்பெறத் தொடங்கியது. பயனர் கோப்புகளுக்கென ஏற்பட்ட யூ.எஸ்.ஆர். என்னும் அடைவு, முதல் வட்டில் இடம் போதாமையால், நாளடைவில் இயங்குதள நிரல்களுக்கும் உறைவிடமாயிற்று. லினக்ஸ் அடைவுகளுக்குரிய பொது வரையறை 1994இல் முதன்முதலாக வெளிவந்தது.

எதனை மாற்றலாம்?

பயனர் கோப்புகளைத் தாங்கும் ஹோம், மாறிக்கொண்டே இருக்கும் தரவுகளைத் தாங்கும் வார் ஆகிய இரண்டும் தனி வட்டுக்கு ஏற்றவை. அமைப்புக் கோப்புகளைத் தாங்கும் இ.டி.சி. அடைவை மாற்றலாகாது. எந்த வட்டு எங்கே பொருந்தவேண்டும் என்று கூறும் எஃப்.எஸ்.டேப் என்ற பட்டியல் அதனுள்தான் இருக்கிறது. அதனை வேறு வட்டுக்கு அனுப்புவது, திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

மாற்றுமுன் இடக்குறைவின் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும். அழிக்கப்பட்ட பெரிய பதிவேடு ஒன்றை ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அந்நிரல் நிற்கும்வரை அவ்விடம் விடுபடாது. சில வேளைகளில் வட்டில் இடம் இருந்தும், சின்னஞ்சிறு கோப்புகள் பெருகிக் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பை எட்டியிருக்கும்.

செய்முறை

முதலில் காப்பு நகல் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னர்ப் புதிய வட்டில் இ.எக்ஸ்.டி.4 அல்லது எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமையை அமைத்து, தற்காலிகமான ஓர் இடத்தில் பொருத்துவோம். கையடக்க வட்டுகளில் காணப்படும் எக்ஸ்ஃபேட் முறைமை இங்கு உதவாது. கோப்பின் உரிமையாளரையும் அணுக்க உரிமைகளையும் அது லினக்ஸ் முறையில் காத்துவைப்பதில்லை.

படியெடுக்க ஆர்சிங்க் என்ற நிரல் மிகவும் ஏற்றது. உரிமை, நேரம், பிணைப்பு ஆகியவற்றைக் காக்கும் விருப்பங்களோடு அதனை இருமுறை இயக்குவோம். முதல் முறை வழங்கி இயங்கிக்கொண்டிருக்கும்போதே பெரும்பகுதி படியெடுக்கப்படும். அடுத்து, அவ்வடைவில் எழுதும் சேவைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு மறுமுறை இயக்கினால், இடையில் மாறியவை மட்டும் வந்துசேரும். தரவுத்தளம் இயங்கும்போது எடுத்த படியை மட்டும் நம்பினால், பாதி எழுதப்பட்ட பதிவுகளே கிட்டும்.

அதன்பின் பழைய அடைவுக்கு வேறு பெயரிட்டு, அதே இடத்தில் வெற்று அடைவொன்றை உருவாக்கி, புதிய வட்டை அங்கே பொருத்துவோம். பழைய அடைவை அப்படியே விட்டு அதன்மேல் பொருத்தினால், பழைய கோப்புகள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருந்து இடத்தைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். இறுதியாக எஃப்.எஸ்.டேப் பட்டியலில் புதிய வட்டைக் குறித்தல் வேண்டும். எஸ்.டி.பி. முதலான வட்டுப் பெயர்கள் மறுதொடக்கத்தின்போது மாறக்கூடும். ஆகவே கோப்பு முறைமையின் தனித்துவ அடையாள எண்ணையே எழுதுதல் நன்று.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

யூ.டி.எஃப்.8 முறையில் ஒருங்குறித் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். கோப்பு என்ற சொல்லில் 6 குறிகள் உள்ளன. ஆகவே அதற்கு 18 பைட்டு தேவை. இ.எக்ஸ்.டி.4 முறைமையில் ஒரு பெயருக்குரிய உச்ச அளவு 255 பைட்டு. எனவே 85 தமிழ்க் குறிகளுக்கு மேற்பட்ட பெயரை அது ஏற்காது.

மற்றொன்றும் உண்டு. கோ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் ஆகிய இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கோ அவை இருவேறு பெயர்கள். ஆர்சிங்க் இயல்பாகப் பெயரை உள்ளபடியே படியெடுக்கும். ஆயினும் இடையில் வேறு இயங்குதளத்தின் வழியாகக் கோப்புகள் சென்றுவந்தால் குறியீடு மாறி, இருக்கும் நூலையே வழங்கி இல்லை எனக் கூறும். ஆகையால் பெயர்களைக் கண்ணால் ஒப்பிடுவதோடு அமையாமல், சரிபார்ப்புத் தொகையைக் கொண்டும் ஒப்பிடல் வேண்டும்.

மாற்றிய பின்

மறுதொடக்கம் செய்யுமுன் பட்டியலில் பிழையில்லை என உறுதிசெய்வோம். ஓர் எழுத்து பிழைத்தாலும் வழங்கி எழாமல் நிற்கக்கூடும். எழுந்தபின் சேவைகளையும் பதிவேடுகளையும் நோக்குவோம். பழைய அடைவைச் சில நாள்கள் வைத்திருந்து, குறையொன்றும் இல்லை எனத் தெளிந்த பின்னரே அழித்தல் தகும். மாணவர் எழுதிய கட்டுரைக்கு வேறு படி இல்லாதிருக்கலாம். மின்வருடிய நூலின் மூலத்தாளும் சிதைந்து போயிருக்கலாம். அவற்றைக் காக்கும் பொறுப்பு வழங்கியைப் பேணுவோருடையது. அப்பொறுப்பை ஏற்கும் மாணவர்கள் இப்படிகளைத் தேவையற்ற பழைய கணினி ஒன்றில் முதலில் பயின்று பார்த்தல் நலம்.