டீசல் பம்பைக் கழற்றுவதற்கு முன்...

காலையில் கடை திறக்கும் நேரத்தில் பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அன்றைய வியாபாரத்தில் பாதி போய்விட்டது என்றுதான் அர்த்தம். புறக்கோட்டையில் ஏற்றிய மூடைகள் வெள்ளவத்தைக் கடைகளுக்குப் போய்ச் சேராது. வாடகை லொறிக்குக் கொடுக்கும் பணம் அன்றைய இலாபத்தை விழுங்கிவிடும். இந்த அவசரத்தில்தான் எமது வியாபாரிகள் பலர், "பம்ப் போய்விட்டது" என்று கராஜில் சொல்லப்படும் ஒரு வார்த்தையை நம்பிப் பெருந்தொகையைச் செலவழிக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பல வருடங்களாகச் சரக்கு விநியோகம் செய்பவன் என்ற வகையில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. பம்ப் மீது பழி விழும் வாகனங்களில் கணிசமானவற்றின் குறை பம்பில் இருப்பதில்லை. அது தாங்கிக்கும் பம்புக்கும் இடையில்தான் இருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்ட போதிலும், புதிய பிக்கப் ஒன்றின் விலை சிறு வியாபாரிக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. ஆகவே, பழைய டொயோட்டா ஹைலக்ஸும் மிட்சுபிஷி எல்-200உம் இன்றும் எமது முதலீடுகள். முதலீட்டைக் காப்பாற்றுவதற்கு அதன் பலவீனம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

பழைய பம்பும் புதிய பம்பும்

பழைய ஹைலக்ஸின் 3எல், 5எல் எஞ்சின்களில் இருப்பது முழுக்க இயந்திர முறையில் இயங்கும் சுழல் பம்ப். டீசலை உறிஞ்சுவதும், அளந்து அழுத்தி ஒவ்வொரு நொசிலுக்கும் அனுப்புவதும் அந்த ஒரே பம்ப்தான். பின்னர் வந்த டீ-4டீ போன்ற வாகனங்களில் இருப்பது கொமன் ரெயில் முறை. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் செல்லும், கட்டுப்படுத்துவது கம்பியூட்டர். உங்கள் வாகனம் இவற்றில் எது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எனினும் இரண்டுக்கும் பொதுவான விடயம் ஒன்றுண்டு. பம்பின் உள்ளே அசையும் பாகங்களுக்கு மசகாக அமைவது டீசல் மட்டுமே. அவற்றின் இடைவெளி சில மைக்ரோன் அளவுதான். தண்ணீரோ தூசியோ மண்ணெண்ணெயோ உள்ளே போனால் பம்ப் தேயும்.

இதை நாம் 2022இல் கண்கூடாகக் கண்டோம். அவ்வருடம் ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. இந்த இடைவெளி கலப்படத்துக்கு எவ்வளவு பெரிய தூண்டுதல் என்பதை வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்ட பின்னரே அந்த இலாபம் சுருங்கியது. வரிசைக்குப் பயந்து துருப்பிடித்த பீப்பாய்களில் டீசலைச் சேமித்தவர்களின் தாங்கிகளுக்குள் தண்ணீரும் துருவும் சேர்ந்தன. அன்று படிந்த அழுக்கைச் சுத்தம் செய்யாத தாங்கிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எந்த ஒழுங்கில் பார்ப்பது?

முதலாவது, புகை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெண்புகை வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக், கொம்பிரஷன், டைமிங் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். ஓடும்போது கரும்புகை என்றால் எயார் பில்டரையும் நொசில்களையும் முதலில் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, பில்டர். அதன் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். வெறும் ஓட்டத்தில் நன்றாக இருந்து, சுமையோடு கடுகண்ணாவ ஏற்றத்தில் மூச்சுத் திணறும் வாகனத்துக்குப் பெரும்பாலும் பில்டர் அடைப்பே காரணம். தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைத்தாலும் இதே அறிகுறிதான். மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சீரானால் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது, காற்று. இரவு முழுக்க நிறுத்திய வாகனம் காலையில் நீண்ட நேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகிறதா? பில்டர் தலையிலுள்ள கைப் பம்பை அமுக்கிய பின் உடனே பிடிக்கிறதா? அப்படியானால் எங்கோ காற்று இழுக்கிறது. பம்புக்குள் நுழையும் குழாயில் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். டீசல் வெளியே சொட்டாத இடத்திலும் காற்று உள்ளே நுழையலாம்.

நான்காவது, மின்சாரம். பழைய பம்பின் தலைப்பக்கம் ஒற்றை வயரோடு ஒரு சொலனொய்ட் இருக்கும். சாவியைத் திருப்பும்போது அது 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். வயரில் 12 வோல்ட் வர வேண்டும். இல்லையெனில் பியூஸையும் வயரையும் பார்ப்பதே வேலை.

ஐந்தாவது, கேன் சோதனை. பழைய வகை வாகனத்தில் தாங்கிக் குழாயைக் கழற்றி, சுத்தமான டீசல் உள்ள சிறு கேனிலிருந்து நேராகப் பம்புக்கு இணைக்க வேண்டும். திரும்பி வரும் குழாயையும் கேனுக்குள்ளேயே விட வேண்டும். கேன் சூடான பாகங்களுக்கு எட்டத்தில் இருக்கட்டும். இப்போது எஞ்சின் சீராக ஓடினால் பம்ப் குற்றமற்றது.

வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை நடத்தும் என் நண்பர் ஒருவருடைய பிக்கப், பத்து நிமிடம் ஓடியதும் நின்றுவிடும். பம்பை இறக்க வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்லியிருந்தார்கள். நான் வற்புறுத்தியதில் இந்தக் கேன் சோதனையைச் செய்தோம். அரை மணி நேரம் ஓடியும் எஞ்சின் நிற்கவில்லை. இறுதியில் மாற்றப்பட்டவை, தாங்கிக்கு மேல் வெடித்திருந்த ஒரு முழ ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்புகளுமே.

பம்பேதான் குற்றவாளி என்றால்

குளிர்ந்த எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகி, சூடாகி நிறுத்திய பின் மட்டும் அடம் பிடித்தால் பம்பின் உட்பாகங்கள் தேய்ந்திருக்கலாம். சூட்டில் மெலிந்த டீசல் தேய்ந்த இடைவெளியால் கசிந்துவிடும். எஞ்சினை நிறுத்திய நிலையில் பழைய பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் குளிரவைத்த பின் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கும். பம்பின் வெளியே டீசல் கசிந்தால் பல வேளை சீல் மாற்றினால் போதும்.

கொமன் ரெயில் வாகனத்தில் நொசில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் அறவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். ஸ்கேனரில் பி0087 என்று வந்தால் ரெயிலில் அழுத்தம் குறைவு என்று பொருள். பம்ப் பழுது என்று பொருளல்ல. பில்டர், பம்பிலுள்ள கட்டுப்பாட்டு வால்வு, திருப்பிக் கசியும் நொசில்கள் ஆகியவற்றைச் சோதித்த பின்னரே பம்புக்கு வர வேண்டும்.

கழற்றத்தான் வேண்டும் என்றால், சோதனை மேசையில் வைத்து அளவெடுக்கும் வசதியுள்ள பம்ப் நிலையத்துக்கே கொடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் கேளுங்கள். பஞ்சிகாவத்தையில் பழைய பம்ப் வாங்குவதானால் தகட்டு இலக்கத்தை ஒப்பிட்டு, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டுப் பெறுங்கள். எந்தப் பம்பைப் பூட்டினாலும் அதற்கு முன் தாங்கியைக் கழுவி பில்டரை மாற்றாவிட்டால், பழையதைக் கெடுத்த அழுக்கே புதியதையும் கெடுக்கும்.

கடையில் கடன் கொப்பி வைத்திருக்கும் நாம் வாகனத்துக்கும் ஒரு கொப்பி வைக்கலாம். டீசல் அடித்த இடம், பில்டர் மாற்றிய கிலோமீற்றர், தண்ணீர் வடித்த திகதி ஆகிய மூன்றும் போதும். கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளரிடம் யாரும் எடுத்த எடுப்பில் "பம்ப் போய்விட்டது" என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.