இறந்த மாட்டைப் புதைக்கும் முன் டாக்டருக்குச் சொல்லுங்கள்

கறவை மாடு ஒன்று இரை எடுக்காமல் நிற்கிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. ஓயாமல் கத்துகிறது. பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. தொண்டையில் ஏதோ அடைத்துக் கொண்டது என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கிறார். நாலைந்து நாளில் மாடு இறந்து போகிறது. தோலுக்கு ஆள் வராவிட்டால் வாய்க்கால் கரையில் குழி வெட்டிப் புதைத்து விடுகிறார்கள்.

மாடு எதனால் இறந்தது என்ற கேள்வியும் அதோடு புதைந்து விடுகிறது. விடை தெரியாவிட்டால் கொட்டிலில் உள்ள மற்ற மாடுகளுக்கும், கையை விட்டுப் பார்த்தவருக்கும் ஆபத்து.

மூளையே சாட்சி

இந்த அறிகுறிகளுக்கு நம் பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, நாய்க்கடியால் வரும் வெறிநோய். மாடு உயிரோடு இருக்கும்போது இதை உறுதி செய்வது கடினம். இறந்த பின் மூளையைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

உலகையே அச்சுறுத்திய பைத்திய மாட்டு நோய்க்கும் மூளைதான் சாட்சி. இதற்குக் காரணம் கிருமி அல்ல. பிரையான் என்னும் உருமாறிய புரதம். உடம்பு அதை எதிர்த்துப் போராடுவதில்லை. ஆகவே காய்ச்சல் வராது; வழக்கமான ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. நோய் புகுந்து சராசரியாக நாலைந்து ஆண்டுகள் கழித்தே மாடு தள்ளாடத் தொடங்கும்.

இறந்த மாட்டின் தலையும் கழுத்தும் சேரும் துளை வழியாக, நீண்ட கரண்டி போன்ற கருவியால் மூளைத் தண்டை எடுக்கிறார்கள். ஒரு பகுதியை பார்மலினிலும் மற்றொன்றை ஐஸிலும் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். நோய் இருந்தால் மைக்ரோஸ்கோப்பில் மூளை கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். புரதத்தைக் கரைக்கும் என்சைமைச் சேர்த்தால் நல்ல புரதம் கரைந்துவிடும். பிரையான் முழுவதும் கரையாமல் நிற்கும். அதை வைத்தே நோயை உறுதி செய்கிறார்கள்.

இங்கிலாந்து கற்ற பாடம்

1986-ல் இங்கிலாந்தில் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இறந்த கால்நடைகளின் இறைச்சி, எலும்புத் தூளைத் தீவனத்தில் கலந்து மாட்டுக்கே ஊட்டியதால் நோய் பரவியது. 1988-ல் அந்தத் தீவனம் தடை செய்யப்பட்டது. ஆயினும் மொத்தத்தில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளுக்கு நோய் உறுதியாயிற்று. இது மனிதரையும் தாக்கக்கூடும் என்று 1996-ல் அறிவிக்கப்பட்டது. அந்நாட்டில் 170-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இந்தியாவில் இந்நோய் கண்டறியப்படவில்லை. 2010-ல் உலக விலங்கு நல அமைப்பு, இந்நோய் அபாயம் மிகக் குறைந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவைச் சேர்த்தது. மூளை மாதிரிகளைச் சோதிக்க போபாலில் உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் உண்டு. நம் மாடுகள் வைக்கோல், தவிடு, கடலைப் பிண்ணாக்கு தின்று வளர்பவை. அதுவே பெரிய காப்பு. வயலுக்கு வாங்கிய எலும்புத் தூள் உரத்தை மாட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை

தள்ளாடும் மாட்டின் வாயில் வெறும் கையை விடக்கூடாது. எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும்.

மாடு இறந்தால் உடனே கால்நடை டாக்டருக்குத் தகவல் தர வேண்டும். நம் ஊர் வெயிலில் மூளை சில மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். அதுவரை உடலை நிழலில் வைத்து, நாய் அண்டாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் செய்த மாடானால் காது வில்லையைப் பத்திரப்படுத்த வேண்டும். டாக்டரின் சான்றிதழும் தேவைப்படும்.

மாடு திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். காது நரம்பில் டாக்டர் எடுக்கும் சில சொட்டு ரத்தமே சோதனைக்குப் போதும். அடைப்பானுக்குத் தடுப்பூசி ராணிப்பேட்டையில் தயாராகிறது; நோய் கண்ட ஊரில் மற்ற மாடுகளுக்குப் போட்டுக் காக்கலாம்.

புதைக்கும் இடம் வாய்க்கால், குளம், கிணற்றுக்குத் தள்ளி, மேட்டுத் திடலாக இருக்கட்டும். குழி 6 அடிக்குக் குறையக் கூடாது. ஆற்றில் தள்ளிவிட்டால் நோய் அடுத்த ஊருக்கும் போய்ச் சேரும்.

போன மாடு திரும்பாது. அது எதனால் போனது என்று தெரிந்தால், கொட்டிலில் நிற்கும் மாட்டையாவது காப்பாற்றலாம்.