முதல் வீட்டின் நான்கு இணைப்புகள்

தமிழ்நாட்டில் முதன்முதலாகச் சொந்த வீட்டில் குடியேறும் குடும்பத்துக்கு மின்சாரம், தண்ணீர், சமையல் எரிவாயு, இணையம் ஆகிய நான்கு இணைப்புகள் உடனே தேவைப்படும். மின்சாரத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் அந்தந்த ஊரில் ஒரே அமைப்புதான் பொறுப்பு. வேறொருவரை நாட வழியில்லை. சிலிண்டருக்கும் இணையத்துக்கும் பல நிறுவனங்கள் உண்டு. முதல் இரண்டிலும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கட்டணப் பிரிவில் வருகிறது, பாக்கி உண்டா என்று பார்க்க வேண்டும். மற்ற இரண்டில் அந்தத் தெருவில் யார் நன்றாகச் சேவை தருகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

மின்சாரம்

மும்பையின் புறநகர்ப் பகுதிகளில் ஒரு வீட்டுக்காரர் டாடா பவர், அதானி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் அந்த வசதி இல்லை. மக்கள் இன்றும் ‘ஈபி’ என்றே அழைக்கும் பழைய மின்வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டது. 2024இல் நடந்த மறுசீரமைப்புக்குப் பின் வீடுகளுக்கான விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் இருக்கிறது.

பழைய வீட்டை வாங்குபவர் கிரயத்துக்கு முன்பே அந்த மின் இணைப்பு எண்ணுக்குப் பாக்கி உண்டா என்று பார்த்துவிட வேண்டும். முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று மின் நிறுவனம் புதியவரிடம் கேட்க விதிகள் இடம் தருமானால், அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. கிரயம் முடிந்ததும் பத்திர நகலுடன் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பில் பழையவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தால், மும்முனை இணைப்புக்கு மாறுவதிலும் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தி மானியம் பெறுவதிலும் சிக்கல் வரும்.

புதிதாகக் கட்டிய வீட்டில் கவனிக்க வேண்டியது கட்டணப் பிரிவு. கட்டுமானப் பணிக்கான தற்காலிக இணைப்புக்கு யூனிட் விலை வீட்டு இணைப்பைவிட மிக அதிகம். வேலை முடிந்ததும் வீட்டு உபயோகப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்காவிட்டால் அதே உயர்ந்த கட்டணம் தொடரும். ஏசி, வாட்டர் ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றுக்கும் எவ்வளவு கிலோவாட் தேவை என்பதை எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே கணக்கிட்டு வாங்கினால், ஒருமுனை போதுமா மும்முனை வேண்டுமா என்பது தெளிவாகும்.

மீட்டர் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இதில் 500 யூனிட் என்பது முக்கியமான எல்லை. அதைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரையிலான மலிவு விலை கிடைக்காது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கோ 2,030 ரூபாய். பத்து யூனிட் கூடியதற்கு 305 ரூபாய் அதிகம். பிறகு விலைகள் உயர்ந்துள்ளன என்றாலும் எல்லையைக் கடக்கும் முன் மீட்டரைப் பார்ப்பது லாபம்தான்.

தண்ணீர்

சென்னையில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பு மெட்ரோ வாட்டர். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி. வீடு வாங்கியவர் சொத்து வரிப் பெயர் மாற்றத்தை முடித்து, குடிநீர்க் கட்டண ரசீதையும் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு முறையாகப் பெறப்பட்டதா, கழிவுநீர்த் தொட்டிதானா என்பதையும் விற்பவரிடம் கேட்டு அறிய வேண்டும்.

தெருக் குழாயில் தினமும் தண்ணீர் வராத இடங்களில் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் கைகொடுக்கின்றன. ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதற்கு முன் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுப்படி, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். உப்பு 500க்குள் இருந்தால் உப்பை நீக்குவதற்காக ஆர்.ஓ. வாங்கத் தேவையில்லை. அந்த இயந்திரம் உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியேற்றுகிறது; தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் அது பெரிய இழப்பு. கேன் தண்ணீர் வாங்குவோர் விலையோடு, மூடியின் சீல், தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

சமையல் எரிவாயு

இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. கேஸ் மூன்றும் பொதுத்துறை நிறுவனங்களின் சிலிண்டர்கள். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரின் விலை ஒரே ஊரில் மூன்றிலும் ஒன்றுதான். ஆகவே இங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது ஏஜென்சியை. பதிவு செய்தால் எத்தனை நாளில் சிலிண்டர் வருகிறது, பில்லுக்கு மேல் பணம் கேட்கிறார்களா, எடை போட்டுக் காட்டுகிறார்களா என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே தெரிந்துவிடும். ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர் புதிதாக வாங்க வேண்டியதில்லை. புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏஜென்சியின் சேவை திருப்தியாக இல்லாவிட்டால் வேறொன்றுக்கு மாறவும் வழி உண்டு.

புதிய இணைப்புக்கான வைப்புத்தொகை 2022 ஜூனில் சிலிண்டருக்கு 2,200 ரூபாயாகவும் ரெகுலேட்டருக்கு 250 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஏஜென்சியிலேயே அடுப்பும் வாங்கியாக வேண்டும் என்று வற்புறுத்தினால் மறுக்கலாம். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாயு கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

சில நகரங்களில் குழாய் வழி எரிவாயு வரத் தொடங்கியுள்ளது. ஒரு பகுதிக்கு ஒரு நிறுவனத்துக்கே அனுமதி என்பதால் அங்கே சிலிண்டரா குழாயா என்பதே தேர்வு. மீட்டர் ஓடிய அளவுக்குப் பணம் கட்டும் குழாய் எரிவாயு, சிலிண்டர் தூக்க முடியாத முதியோருக்கும் மாடி வீட்டாருக்கும் வசதியானது.

இணையம்

போட்டி அதிகம் உள்ளது இணையத்தில்தான். பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ, ஆக்ட் போன்றவற்றோடு உள்ளூர் கேபிள்காரர்களும் ஃபைபர் இணைப்பு தருகிறார்கள். விளம்பரத்தில் சொல்லும் வேகத்தைவிட, ஒயர் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்பதே பெரிய வித்தியாசம். அதைப் பக்கத்து வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். நிறுவும் கட்டணம், ரவுட்டருக்கான முன்பணம், ஜி.எஸ்.டி., குறிப்பிட்ட அளவு டேட்டாவுக்குப் பிறகு வேகம் குறையுமா என்பது ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் சேவை மோசமானால் பணம் முடங்கும். முதல் மாதங்களுக்கு மாதச் சந்தாவே பாதுகாப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த நிறுவனத்தின் ஒயர் உள்ளே வந்திருக்கிறது என்பதைச் சங்கத்திடம் கேட்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் ஆகியவற்றின் பெயர் மாற்றத்தைக் கிரயம் முடிந்த வாரத்திலேயே தொடங்குங்கள். வைப்புத்தொகை ரசீதுகளைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். குடியேறும் நாளன்று மின்மீட்டர் அளவைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முதல் பில்லில் தகராறு வந்தால் அதுவே ஆதாரம்.